ஒரு ஸ்லாட் உள்ளே

அடி விழும் சத்தத்தையும் லேத்தில் இரும்பு கடிபடும் சத்தத்தையும் யாராலும் குழப்பிக்கொள்ள முடியாது. நான் பதினெட்டு வருஷமாகக் குழப்பிக்கொண்ட மாதிரி நடித்தேன். எனக்கும் பக்கத்துப் பட்டறைக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர்தான். அந்தப் பக்கம் புருஷனும் பெண்டாட்டியுமாக மோட்டர் செய்தார்கள். இந்தப் பக்கம் நான் அவர்களுக்கு ஷாஃப்ட், அதாவது மோட்டர் நடுவில் சுழலும் இரும்புத் தண்டு, கடைந்து கொடுத்தேன். தெருவில் என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, லேத்து என்றுதான் கூப்பிடுவார்கள். பக்கத்துப் பட்டறைக்காரனுக்கு விஞ்ஞானி என்று பேர் வைத்தது நான்தான். கிண்டலுக்கு வைத்தேன். அவனோ அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தான்.

வேலை தெரிந்தவன் என்பதில் சந்தேகமில்லை. ஓடுகிற மோட்டரின் மேல் ஸ்க்ரூடிரைவரை ஊன்றி, கைப்பிடியைக் காதில் அழுத்திக் கேட்டே எந்தப் பக்கத்து பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். ஆனால் கோபம் வந்தால் கையில் இருப்பது என்ன, எதிரில் இருப்பது யார் என்று பார்க்க மாட்டான். ஸ்பானர் பறக்கும், டம்ளர் பறக்கும், ஒருமுறை மோட்டர் மூடியே பறந்து எங்கள் சுவரில் ஓட்டை போட்டது. கால் மணி நேரம் கழித்து அதே ஆள் டீ வாங்கிக்கொண்டு வந்து, "சூடா இருக்கு, ஊதிக் குடி" என்று அவளிடம் நீட்டுவான். அவளும் ஊதிக் குடிப்பாள். எனக்கு அந்த டீயைப் பார்த்தால்தான் அதிகமாக எரிச்சல் வரும்.

காயில், அதாவது மோட்டருக்குள் வைக்கும் கம்பிச் சுருள், சுற்றுவது அவள் வேலை. படிப்படியாக வெட்டிய மர அச்சு ஒன்று இருக்கும். பெரிய காயிலுக்குப் பெரிய படி, சின்னதற்குச் சின்னது. செப்புக் கம்பியை அதில் சுற்றி, வாய்க்குள்ளேயே எண்ணிக்கொண்டு, நூற்று முப்பது, நூற்று நாற்பது என்று போவாள். நடுவில் யாராவது வணக்கம் சொன்னால் போச்சு, முதலிலிருந்து எண்ண வேண்டும். பிறகு ஸ்டேட்டர் என்கிற இரும்பு வளையத்தின் உள்பக்கக் காடிகளில், ஸ்லாட்டுகளில், தாள் சொருகி, காயிலை இறக்கி, மூங்கில் குச்சி அடித்து, ஓரங்களை நூலால் இறுக்கிக் கட்டி, வார்னிஷில் முக்கி, அடுப்புப் பெட்டியில் வேக வைக்க வேண்டும். தகரக் கூரைக்கு அடியில், வெயில் காலத்தில், வார்னிஷ் நாற்றத்தோடு செய்கிற வேலை. ஒரு நாளைக்கு நான்கு மோட்டர் சுற்றுவாள். சோறும் அவள்தான் ஆக்குவாள்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு மாவு மில்காரர் பன்னிரண்டு மோட்டர் கேட்டார். அவளுக்கு அப்போது கடும் காய்ச்சல். படு என்று சொல்ல அந்தப் பட்டறையில் யாருமில்லை. காய்ச்சல் மயக்கத்தில் ஒவ்வொரு மோட்டருக்கும் இரண்டு காயிலை அச்சில் ஒரு படி தள்ளிச் சுற்றிவிட்டாள். காயில் சின்னதாகிவிட்டது. சின்னக் காயில் ஒரு ஸ்லாட் உள்ளேதான் உட்காரும், அப்படியே உட்கார வைத்துவிட்டாள். பன்னிரண்டும் வார்னிஷ் வெந்து கல்லாக இறுகிய பிறகுதான் அவன் மூடியைப் போடப் போய்ப் பார்த்தான்.

அன்றைக்குக் காலை பத்து மணி இருக்கும். அவன் கத்தியது கேட்டது. பிறகு மரச் சுத்தி விழும் சத்தம். காயிலைத் தட்டி இறக்குவதற்கு வைத்திருக்கும் சுத்தி அது. ஒன்று, இரண்டு, மூன்று. அவள் "கை, கை" என்று அலறினாள். நான் லேத்தின் வேகத்தைக் கூட்டினேன். அது என் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கேவலமான காரியம், எத்தனை தடவை சொன்னாலும் அது குறையப்போவதில்லை.

வலது கையில் சுண்டு விரலும் அடுத்த விரலும் ஒடிந்து, கோணலாகக் கூடி, அதன்பின் மடங்கவே இல்லை. பெல்ட்டில் மாட்டிக்கொண்டது என்று ஊருக்கெல்லாம் சொன்னார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பத்து வயது மகளுக்கும் அதையே சொன்னார்கள். பன்னிரண்டு மோட்டரையும் அவன் வாயை மூடிக்கொண்டு மில்லுக்கு அனுப்பினான். பன்னிரண்டும் ஓடின. மில் இரைச்சலில் மோட்டர் சத்தம் போடுகிறதா இல்லையா என்று யார் காது கொடுத்துக் கேட்பார்கள்?

மகள் வளர்ந்து டிப்ளமோ படிக்கப் போனாள். எல்லாரும் பாப்பா என்று கூப்பிடுவோம். அப்பா என்றால் அவளுக்கு உயிர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவனுக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. மோட்டர் உறுமக் கூடாது, சூடாகக் கூடாது. ராப்பகலாக உட்கார்ந்து விதவிதமாகச் சுற்ற வைத்தான். ஒவ்வொன்றிலும் தெர்மாமீட்டரைச் சொருகி, பாப்பா நோட்டில் குறிக்க, பிடிக்காததைப் பிய்த்து எறிந்தான். முப்பத்தேழாவது மோட்டர் ஓடுகிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது, அவ்வளவு அமைதி. இரண்டு காயில் சின்னது, ஒரு ஸ்லாட் உள்ளே. பழைய பன்னிரண்டு அவன் நினைவில் இருந்ததா என்று நீங்கள் கேட்டால், இல்லை என்றுதான் நான் சத்தியம் செய்வேன். அடித்தது நினைவில் நின்றால்தானே எதற்கு அடித்தோம் என்பது நினைவில் நிற்கும்? அவன் நிஜமாகவே தானே கண்டுபிடித்ததாக நம்பினான். அது ஏன் உறுமவில்லை என்று கணக்குப் போட்டுக் கண்டுபிடித்ததும் அவன்தான். அதை நான் மறுக்க மாட்டேன்.

பாப்பா படம் வரைந்தாள். பேட்டண்டுக்கு விண்ணப்பம் போட்டார்கள். ஒரு வருஷம் கழித்துப் பெரிய கம்பெனி ஒன்று எதிர்ப்பு மனு போட்டது. எங்கேயோ ஒரு மில்லை மூடியபோது பழைய இரும்போடு ஒரு மோட்டர் அவர்கள் கைக்கு வந்ததாம். பாடியில் இவன் பட்டறையின் முத்திரை. உள்ளே இரண்டு காயில் சின்னது, ஒரு ஸ்லாட் உள்ளே.

அவன் தரப்பு வக்கீல் பட்டறைக்கே வந்து விளக்கினார். கைக்குட்டையை விரித்து ஸ்டூலில் உட்கார்ந்த சாது மனுஷன்.

"நீங்க மனு போடறதுக்கு முன்னாடி இதே மாதிரி ஒரு மோட்டர் வெளியில வித்திருந்தா போதும், உங்க மனு போச்சு" என்றார்.

"அது சத்தம் போடாதுன்னு எவனுக்காவது தெரியுமா சார்? வித்தவனுக்குத் தெரியுமா, வாங்கினவனுக்குத் தெரியுமா?"

"தெரிய வேண்டாம். தெரியாட்டியும் அந்தக் குணம் அதுக்குள்ள இருந்துச்சு. ஏற்கெனவே இருந்ததுக்கு நீங்க உரிமை கேட்க முடியாது. அதான் அவங்க வாதம்."

"அப்போ ராப்பகலா நான் தெர்மாமீட்டரைப் பிடிச்சிட்டு உட்கார்ந்தது? பூப்பறிக்கவா?"

"கோபப்படாதீங்க. மோட்டர்ல தேதி இல்லை. போன வருஷம் யாரோ உங்க பழைய பாடிக்குள்ள, உங்களைப் பார்த்துப் புதுசாச் சுத்தினதுன்னு நாம சொல்றோம். உங்க பட்டறையில காயில் சுத்தறது இவங்க மட்டும்தான். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இப்படிச் சுத்தினதே இல்லைன்னு இவங்க வந்து சொல்லிட்டா முடிஞ்சுது."

அவள் மூங்கில் குச்சி சீவிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. பக்கத்துப் பட்டறை என்பதால் எனக்கும் ஒரு தாள் நீட்டினார்கள். இப்படிப்பட்ட மோட்டர் எதையும் நான் பார்த்ததில்லை, இதுபற்றி எதுவும் தெரியாது என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டேன். எனக்கு அது கைவந்த கலை.

விசாரணைக்கு முந்தின நாள் நல்ல மழை. தகரத்தில் மழை அடித்தால் பேசுவதே கேட்காது, எல்லாரும் கத்திப் பேச வேண்டும். கடைந்த ஷாஃப்டுகளைக் கொடுக்கப் போனேன். அவன் வக்கீலைப் பார்க்கப் போயிருந்தான். பாப்பா அம்மாவை எதிரில் உட்கார வைத்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள்.

"திரும்பச் சொல்லும்மா. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எங்க பட்டறையில இப்படிச் சுத்தினதே கிடையாது."

"சுத்தினதா ஞாபகம் இல்லை."

"ஞாபகம் இல்லைன்னா மாட்டிக்குவோம்னு எத்தனை தடவை சொல்றது? கிடையாதுன்னு சொல்லு."

"போட்டோவைப் பார்த்தா என் வேலை மாதிரி இருக்கு பாப்பா."

"உனக்கு என்ன தெரியும்? எண்ணத் தெரியும், சுத்தத் தெரியும். அது ஏன் உறுமலைன்னு உனக்குத் தெரியுமா? அப்பாவோட மூளைம்மா அது. எவனோ காப்பியடிச்சு வச்சிருக்கான்."

"இருந்தாலும் தெரிஞ்சே..."

"சொல்லுன்னா சொல்லு!"

பாப்பா அம்மாவின் வலது கையைப் பிடித்தாள். சரியாக அந்த இரண்டு விரலையும் சேர்த்துப் பிடித்து முறுக்கினாள். அம்மா போட்ட அலறல் மழையைத் தாண்டிக் கேட்டது. நான் கையில் இருந்த ஷாஃப்டைக் கீழே போட்டுவிட்டேன். பாப்பா திடுக்கிட்டுக் கையை விட்டாள். இரண்டு நிமிஷம் சுவரைப் பார்த்து நின்றாள். பிறகு போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டு வந்தாள்.

"ரொம்ப வலிக்குதா? கோபத்துல பண்ணிட்டேன். இந்தா, மெதுவாக் குடி."

தங்கச்சி, பாப்பாவின் அம்மாவை நான் அப்படித்தான் கூப்பிடுவேன், டம்ளரை வாங்கவில்லை. மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷன் அடித்து ரத்தம் வழிய உட்கார்ந்திருந்தபோதெல்லாம் நான் அவளைப் பார்த்திருக்கிறேன். இந்தப் பயம் அப்போதெல்லாம் அவள் கண்ணில் இருந்ததில்லை.

"சொல்றேன்" என்றாள். "நாளைக்கு எல்லாத்தையும் சொல்றேன்."

பாப்பாவுக்குச் சந்தோஷம்.

பேட்டண்ட் ஆபீஸில் நீள மேஜை, தண்ணீர் பாட்டில்கள், நாற்காலிகள், சுவரில் ஒரு கடிகாரம். சண்டை நடக்கிற இடம் மாதிரியே இல்லை. நடுவில் அதிகாரி, கண்ணாடி போட்ட அம்மாள் ஒருவர். மேஜை மேல் ஒருபுறம் மில்லில் கிடைத்த பழைய மோட்டர், மறுபுறம் இவனுடைய புது மோட்டர், இரண்டுக்கும் மூடி கழற்றியிருந்தது. பின்வரிசையில் நானும் பாப்பாவும். கம்பெனி வக்கீல் இளவயதுக்காரர், தங்கச்சியிடம் கேள்வியை மென்மையாகத்தான் கேட்டார்.

"இந்தப் பழைய மோட்டர் பாடி உங்க பட்டறையோடதுதானே?"

"ஆமாங்க."

"உள்ளே சுத்தினது?"

"கையில எடுத்துப் பார்க்கலாமா?"

எடுத்து மேஜை ஓரத்தில் தன் முன்னால் வைத்துக்கொண்டாள். கட்டைவிரலால் காயில் ஓரத்துக் கட்டுகளை ஒவ்வொன்றாகத் தடவினாள். அவன் நாற்காலியில் முன்னால் சாய்ந்து, சொல்லு சொல்லு என்று கண்ணாலேயே அதட்டிக்கொண்டிருந்தான்.

"இது நான் சுத்தினது" என்றாள்.

அவன் எழுந்துவிட்டான். "ஏய்!"

"உட்காருங்க" என்றார் அதிகாரி.

"எப்போ சுத்தினீங்க? மோட்டர்ல தேதி இல்லையே?" என்றார் கம்பெனி வக்கீல்.

"முடிச்சு இருக்குங்களே. நூலை இறுக்கிக் கட்டறப்போ வலது கையால இழுத்தா முடிச்சு ஒரு பக்கம் சாயும், இடது கையால இழுத்தா மறுபக்கம் சாயும். ஒன்பது வருஷமா எனக்கு வலது கையால இழுக்க வராது. இந்த ரெண்டு விரல் மடங்காது. அதோ இருக்கே புது மோட்டர், அதுல முடிச்சைப் பாருங்க. அப்புறம் இதைப் பாருங்க."

அதிகாரியே எழுந்து வந்து குனிந்து பார்த்தார். வக்கீல்கள் பார்த்தார்கள். பதினெட்டு வருஷம் பக்கத்தில் இருந்த நானும், கூடவே இருந்த அவனும் ஒருநாளும் கவனிக்காத விஷயம். புது மோட்டரில் ஒரு முடிச்சு தவறாமல் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. பழையதில் எல்லாம் வலப்பக்கம்.

"விரல் எப்போ ஒடிஞ்சதுன்னு ஆதாரம் இருக்கா?" என்று அதிகாரி கேட்டார்.

"ஆஸ்பத்திரியில இருக்கும்."

"பெல்ட்ல மாட்டினது, நான் அப்போ ஸ்கூல்ல..." என்று பாப்பா ஆரம்பித்துவிட்டு, கம்பெனிக்குத்தான் உதவி செய்கிறோம் என்று புரிந்து நிறுத்திக்கொண்டாள்.

"தேதி போதும்மா, நன்றி" என்றார் கம்பெனி வக்கீல். "நீங்க உட்காரலாம்."

அவள் உட்காரவில்லை.

"பெல்ட் இல்லைங்க. இந்த மாதிரி பன்னிரண்டு மோட்டர் அச்சு மாறிச் சுத்திட்டேன், காய்ச்சல்ல. அதுக்கு அவரு மரச் சுத்தியால அடிச்சாரு. அதுல ஒடிஞ்சுது."

"இது இந்த வழக்குக்குத் தேவையில்லைம்மா" என்றார் அதிகாரி மெதுவாக.

"என் பொண்ணுக்குத் தேவைங்க." திரும்பிப் பாப்பாவைப் பார்த்துத்தான் மீதியைச் சொன்னாள். "அன்னிக்கு மூணு அடி. அதுக்கு முன்னாடியும் உண்டு, பின்னாடியும் உண்டு. அடிச்சுட்டு டீ வாங்கித் தருவாரு. பக்கத்துப் பட்டறை அண்ணனுக்குத் தெரியும்."

அதிகாரி என் தாளைப் புரட்டினார். "எதுவும் தெரியாதுன்னு எழுதிக் கொடுத்திருக்கீங்களே?"

பாப்பா என்னைப் பார்க்கிறாள் என்று தெரிந்தது.

"தெரியும்மா" என்றேன். "கேட்டுச்சு. நான் எழுதிக் கொடுத்தது பொய்."

அவன் மேஜையில் ஓங்கிக் குத்தினான். பாட்டில்கள் உருண்டன. "தப்பாச் சுத்தினது கண்டுபிடிப்பாடி? அது ஏன் உறுமலைன்னு உனக்குத் தெரியுமா? நான்தானே கண்டுபிடிச்சேன்!"

"நீங்கதான் கண்டுபிடிச்சீங்க. நான்தான் சுத்தினேன். ரெண்டும் நிஜம்தானே?" என்றாள்.

தீர்ப்பு தபாலில் வரும் என்றார்கள். அது என்ன வரும் என்று தெருநாய்க்குக்கூடத் தெரிந்திருக்கும்.

திரும்பும்போது பஸ்ஸில் நான்கு பேரும் நான்கு இடத்தில் உட்கார்ந்தோம். பட்டறைக்கு வந்து சேர்ந்தபோது மணி நான்கு. நான் என் கடைக் கதவைத் திறக்குமுன்னே அங்கே உடைகிற சத்தம் ஆரம்பித்துவிட்டது. இரும்புச் சம்மட்டியால் புது மோட்டர்களை ஒவ்வொன்றாகப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தான். இந்த முறை ஓடினேன். ஓடிப் போய் வாசலில் நின்றேன், என் வீரம் அவ்வளவுதான்.

நான்காவது மோட்டரின் பாடி இரண்டாகப் பிளந்து ஒரு துண்டு என் காலருகே வந்து விழுந்தது. அவன் சம்மட்டியோடு திரும்பினான்.

"நீ இருந்தாத்தானே முடிச்சு? நீ இருந்தாத்தானே சாட்சி?"

அவள் சுவரோரம் நின்றிருந்தாள், விலகவில்லை. அவன் ஓங்கினான். மேஜையில் கிடந்த ஷாஃப்டை எடுத்து பாப்பா கையில் பிடித்துச் சுழற்றியதை நான் பார்த்தேன். அவன் மணிக்கட்டில் விழுந்தது. சம்மட்டி நழுவியது, எலும்பு முறிந்த சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. அவன் மண்டியிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு தரையில் சாய்ந்தான்.

பாப்பா மறுபடி ஓங்கி அடித்தாள். முழங்கைக்கு மேலே. அவன் கத்தவும் இல்லை, மூச்சுதான் வெளியே வந்தது. மூன்றாவது முறையாக ஓங்கியபோது தங்கச்சி குறுக்கே விழுந்து மகளின் கையைப் பிடித்தாள். மடங்காத விரல்களோடு பிடிக்க முடியாமல், முழு உடம்பாலும் அந்தக் கையைக் கட்டிக்கொண்டு தொங்கினாள்.

"விடும்மா! உனக்காகத்தான் அடிக்கிறேன்!"

"அவரும் ஏதாவது ஒண்ணுக்காகத்தான் பாப்பா அடிச்சாரு. ஒரு நாளும் சும்மா அடிச்சதில்லை."

பாப்பா கீழே கிடந்த அப்பாவைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள், முந்தின நாள் முறுக்கிய அந்த இரண்டு விரலைப் பார்த்தாள். ஷாஃப்டைக் கீழே வைத்துவிட்டு வார்னிஷ் தொட்டியின் ஓரத்தில் குனிந்து வாந்தி எடுத்தாள். அம்மா அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

நான்தான் வண்டி பிடித்து மூன்று பேரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அவனைப் படுக்கையில் கிடத்தி உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். யாரையும் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டே போனான். பதிவு மேஜையில் இருந்தவர் நோட்டைப் பிரித்து, "எப்படி ஆச்சு?" என்றார்.

வழியெல்லாம் நான் யோசித்து வைத்திருந்தேன். ஒரு பெண்பிள்ளையின் வாழ்க்கை, படிப்பு, வேலை. "மோட்டர் தூக்கும்போது கை நழுவி..." என்று ஆரம்பித்தேன்.

"மாமா, நீங்க சும்மா இருங்க" என்றாள் பாப்பா. "நான் அடிச்சேன் சார். இவரோட பொண்ணு. இரும்பு ஷாஃப்டால அடிச்சேன்."

அவர் பேனாவைத் தூக்கிக்கொண்டு அவளை மேலும் கீழும் பார்த்தார். "யோசிச்சுச் சொல்லும்மா. எழுதினா போலீஸ் வரும்."

"வரட்டும். முதல் அடி அவர் அம்மாவை அடிக்க ஓங்கினப்போ. ரெண்டாவது அடி விழுந்தப்போ அவர் கீழே கிடந்தார். ரெண்டையும் தனித்தனியா எழுதுங்க."

அவர் தங்கச்சியைப் பார்த்தார். அவள் மகளின் பக்கத்தில் போய் ஒட்டி நின்றாள். பிறகு என்னைப் பார்த்தார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அவர் எழுத ஆரம்பித்தார். முதல் வரி முடிந்ததும் நோட்டை மூடப் போனார். பாப்பா மேஜையில் கையை ஊன்றி, தலைகீழாகத் தெரிந்த எழுத்தை விரலால் தொட்டுப் படித்துப் பார்த்துவிட்டு, "ரெண்டாவது அடி இன்னும் எழுதலையே சார்" என்றாள்.